தங்கமான மொக்கன்

கதைகளில் வரும், மூளை மந்தமான ஆனால் நல்ல மனமுள்ள மொக்கர்களை எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பது மரியாதையாகச் சொல்வது. அவர்களைக் கண்டாலே எரிச்சல் வரும். சட்டைப் பொத்தானை மாறிப் பூட்டிக்கொண்டு வருவான். வாய் அரைவாசி திறந்திருக்கும். நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கி வைத்துக்கொண்டு அதனோடு கதைப்பான். ஊர் அவனைப் பார்த்துச் சிரிக்கும், அவனும் சேர்ந்து சிரிப்பான். அவனை ஏமாற்றுவதற்கென்றே ஒருவன் ஊரில் இருப்பான். ஏமாந்ததுகூட விளங்காமல், ஏமாற்றியவனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் கஞ்சியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். கடைசியில் ஏமாற்றியவன் அழுவான், ஊர் அழும், பார்த்துக்கொண்டிருக்கிற நாங்களும் அழுவோம். பிறகு எழும்பிப் போய்ச் சாப்பிடுவோம். அடுத்த நாள் எங்கள் தெருவில், உண்மையிலேயே எதுவும் மெதுவாக விளங்குகிற ஒரு மனிதன் எதிரே வந்து கதை கொடுத்தால், அவன் ஒரு வசனத்தை முடிக்கும்வரை நிற்க எங்களுக்குப் பொறுமை இருக்காது.

நான் இருபது வருடத்துக்கு மேலாக மன்னாரில் தமிழ் படிப்பிக்கிறேன். சிறுகதைப் போட்டி என்று பிள்ளைகளிடம் எழுதி வாங்கினால் பாதிக் கதைகளில் இவன்தான் வருவான். எல்லாம் தொலைக்காட்சியில் பார்த்ததுதான். ஒருமுறை பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம், "உன்ர கதையில வாற ஆள் ஏன் இவ்வளவு நல்லவனா இருக்கிறான்?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "அவருக்கு மூளை இல்லைத்தானே டீச்சர்," என்றாள். இந்த வகைக் கதைகளைப் பற்றி நான் கேட்ட நேர்மையான விமர்சனம் அதுதான். கெட்டவனாக இருக்க மூளை வேண்டும், அது இல்லாதவன் நல்லவனாக இருந்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் இவற்றை எழுதுகிறவர்களின் எண்ணம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நானும் அப்படி ஒருவனை எழுதினேன். அதுவும் என் அக்காவின் கணவரை வைத்து எழுதினேன்.

அத்தான் மன்னாருக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான தாழ்வுபாட்டுக்காரர். கடல்தான் தொழில். கடலில் அவரை எவரும் குறை சொல்ல முடியாது. நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்த முகில் மழையாகும், எது ஏமாற்றும் என்பதெல்லாம் மற்றவர்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். கரைக்கு வந்தால்தான் பிரச்சினை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைத்தால் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பார். பகிடி சொன்னால் அடுத்த நாள் சிரிப்பார். அரசாங்கக் கந்தோர் வேலை எதற்கும் அக்காதான் போவாள், படிவம் நிரப்புவதும் அவள்தான். ஊரில் அவரைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள். "அவரோ? அவர்... தங்கமான மனுசன்." அந்த இரண்டு சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விடுவார்கள். மொக்கன் என்ற சொல்லை விழுங்குவதற்கான இடைவெளி அது.

நான் எழுதியதற்குக் காரணமான சம்பவம் ஒரு எஞ்சினைப் பற்றியது. அதே கரையில் இரண்டு படகு வைத்திருந்த ஒருவர், தன்னுடைய எஞ்சின் திருத்தக் கொடுத்திருக்கிறது, இரண்டு நாளைக்கு உன்னுடையதைத் தா என்று அத்தானிடம் கேட்டு வாங்கிப் போனார். ஒன்பது நாள் வைத்திருந்தார். திருப்பிக் கொண்டுவந்தபோது உள்ளுக்குள் உப்புத் தண்ணீர் போய் எஞ்சின் இறுகிக் கிடந்தது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை.

"உன்ர எஞ்சின் முந்தியே வருத்தமாத்தான் கிடந்தது," என்றார் இரண்டு படகுக்காரர். "நான்தான் பாவம் பாத்து இவ்வளவு நாளும் ஓட்டினனான்."

அத்தான் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு "ஓமோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு, எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். கரையில் நின்றவர்கள் கண்டது அவ்வளவுதான். அந்தப் பருவம் முழுக்க அவர் மற்றவர்களின் படகில் கூலிக்கு ஆளாகப் போனார். இரண்டு படகுக்காரரைக் கண்டால் முந்தின மாதிரியே தலையசைப்பார். "பாத்தியளே, ஒரு சொல் சொல்லேல்லை. தங்கமான மனுசன்," என்று ஊர் உருகியது.

இன்னொன்றையும் அக்கா எனக்குச் சொன்னாள். அந்த நாட்களில் இருந்து அவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்மை, அதாவது குருவானவர் தருகிற நற்கருணை அப்பம், எடுக்கப் போவதில்லையாம். எல்லோரும் வரிசையாகப் போகும்போது கடைசி வாங்குப் பலகையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிடுவாராம். அக்காவுக்குக் கவலை. எனக்கு அது தாழ்மையாகத் தெரிந்தது. இப்படிப்பட்ட மனிதன் தன்னைத் தகுதியில்லாதவன் என்று நினைக்கிறானே என்று நெஞ்சு இளகிப் போனேன். உள்ளதைச் சொன்னால், நெஞ்சு இளகியபோதே கையில் பேனா இருந்தது.

இரண்டு நாளில் எழுதி முடித்தேன். என் கதையில் எஞ்சினைப் பறிகொடுத்தவன் அதைப் பிள்ளை மாதிரித் துடைத்து வைத்து அழுகிறான். பிறகு ஏமாற்றியவனின் மகன் கடலில் அகப்பட்டபோது, எஞ்சின் இல்லாத படகைத் துடுப்பால் வலித்துக்கொண்டு போய் அவனைக் காப்பாற்றுகிறான். அடுத்த ஞாயிறு கோயிலின் கடைசி வாங்கில், நான் பாவி என்று ஒதுங்கி இருக்கிறான். குருவானவர் பீடத்தை விட்டு இறங்கி நடந்து வந்து, அவனுக்கு நன்மை கொடுக்கிறார். சட்டைப் பொத்தானை நானும் மாறித்தான் பூட்டினேன். நாய்க்குட்டியை மட்டும் விட்டுவிட்டேன், வெட்கத்தில்.

யாழ்ப்பாணத்துச் சஞ்சிகை ஒன்று அதைப் போட்டது. அதற்கு முன் பத்து வருடமாக நான் எழுதிய எதற்கும் ஒரு வரி எழுதிப் போடாதவர்கள், இதற்குக் கடிதம் எழுதினார்கள். கண்ணீர் வந்தது என்றார்கள். இப்படி ஒரு மனிதனைக் காணக் கிடைக்குமா என்று வேறு ஒருவர் கேட்டிருந்தார். மன்னார் நகரத்திலிருந்து சைக்கிளில் போனால் காணலாம். போயிருந்தால் அவருக்கு அலுத்திருக்கும்.

கதையை வாசித்த பங்கு இளைஞர்கள், தாழ்வுபாட்டுத் திருவிழாவுக்கு அதை நாடகமாகப் போடுவோம் என்று கேட்டு வந்தார்கள். நான் மறுப்பேனா? வசனம் எழுதிக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்கூட்டரில் போய் ஒத்திகையும் பார்த்தேன். கதாநாயகனாக நடித்தவர் நகரத்தில் வங்கியொன்றில் வேலை செய்கிற இளைஞர். நல்ல சுட்டி. முதல்நாளே கண்ணைச் சிமிட்டி, உதட்டைத் தொங்கவிட்டு, ஒரு கால் உள்ளுக்குத் திரும்பினமாதிரி நடந்து வந்தார். மண்டபத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"டீச்சர், வாய் இவ்வளவு திறந்தது காணுமோ? இன்னும் கொஞ்சம் திறக்கவோ?" என்று அவர் கேட்டார்.

"காணும்," என்றேன் நான். ஒரு விஷயம் தெரிந்தவள் மாதிரி.

மேடைக்கு ஒரு பழுதான எஞ்சின் தேவைப்பட்டது. யாரோ அத்தானிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் அந்த எஞ்சினையே கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். அதை எறியாமல் வைத்திருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. இறக்கி வைத்துவிட்டு, பின்னால் ஒரு கதிரையில் இருந்து ஒத்திகையைப் பார்த்தார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். மற்றவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு அவர் ஒருமுறை சிரிப்பார், அதைப் பார்த்து மற்றவர்கள் திரும்பவும் சிரிப்பார்கள். தன்னைத்தான் நடிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கும் என்று அந்த மண்டபத்தில் எவரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. அவருடைய நல்ல மனதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவளுக்கு அவரைப் பற்றி இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் என் வீட்டுக்குச் சைக்கிளில் வந்தார். பையில் விளைமீன் இருந்தது. கதிரையின் நுனியில் இருந்து, கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சாள், ஒண்டு கேக்கவோ?"

"கேளுங்கோ அத்தான்."

"அந்த நாடகத்தில வாறவன், அது நான்தானே?"

"இல்லை அத்தான்," என்றேன். "அது கற்பனை. கன பேரைப் பாத்துச் சேத்து எழுதினது." படித்தவர்கள் பொய் சொல்லும்போது வருகிற சுருதி எனக்கு நன்றாகவே வந்தது.

அவர் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். "எஞ்சின் என்ர," என்றார்.

"ஓம், எஞ்சின் உங்கட."

"அப்ப ஆளும் நான்தான்."

அதற்கு மேல் பொய் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. அவர் கோபித்தமாதிரித் தெரியவில்லை. ஏதோ கணக்கு ஒன்று சரிவரவில்லை என்கிற மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"அவன் ஏன் கோவிக்கேல்லை?"

"அவர் நல்லவர் அத்தான். மன்னிச்சுப்போடுறார்."

"எனக்குக் கோவம் வந்தது," என்றார்.

பிறகு அவர் சொல்லத் தொடங்கினார். அவர் எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் குறுக்கே கதைக்கக்கூடாது என்று அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"நான் மூண்டு தரம் அவற்ர வீட்டுக்குப் போனனான். ஒருத்தருக்கும் தெரியாது. முதல் தரம் போனன், ஆள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சாப்பிடேக்குள்ள என்னெண்டு சண்டை பிடிக்கிறது? வந்திட்டன். ரெண்டாந் தரம் போனன், கதைச்சார். அவர் கதைக்கிற வேகத்துக்கு என்னால ஏலாது மச்சாள். நான் ஒண்டுக்குப் பதில் யோசிக்கிறதுக்குள்ள அவர் நாலு சொல்லிப்போடுவார். மூண்டாந் தரம், சொல்ல வேண்டியதெல்லாத்தையும் வீட்டிலயே யோசிச்சுப் பாடமாக்கிக்கொண்டு போனன். அவர் என்னைக் கண்ட உடன, 'வா, இரு, தேத்தண்ணி குடி' எண்டார். நான் பாடமாக்கினதில தேத்தண்ணி இல்லை. என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. குடிச்சிட்டு வந்திட்டன்."

நான் ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று வாயைத் திறக்கப்போன நேரம், "பிறகு அவற்ர வலையை வெட்டினன்," என்றார்.

"எந்த வலையை?"

"புது வலை. கரையில தடியில விரிச்சுக் கிடந்ததே. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பூசையில நிக்கினம். பிரசங்கம் தொடங்கின உடன எழும்பிப் போனன். எட்டு இடத்தில வெட்டினன். பிரசங்கம் முடியிறதுக்குள்ள திரும்பி வந்திட்டன்."

எனக்கு அந்தச் சம்பவம் நினைவுக்கு வந்தது. இரண்டு படகுக்காரரின் புது வலை கரையில் துண்டு துண்டாகக் கிடந்ததும், ஊரெல்லாம் கூடி அது கழுதைகளின் வேலை என்று தீர்மானித்ததும் எனக்கும் தெரியும். மன்னார்த் தீவில் கழுதைகளுக்குக் குறைவில்லை. வலையில் இருக்கிற உப்புக்காகச் சப்பியிருக்கும், கால் சிக்கி இழுத்திருக்கும் என்று ஆளாளுக்கு விளக்கம் சொன்னார்கள். இரண்டு படகுக்காரர் ஒரு கிழமையாகக் கழுதைகளுக்குக் கல்லெறிந்துகொண்டு திரிந்தார்.

"அப்ப அது கழுதையில்லையோ அத்தான்?" என்று கேட்டேன். என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்டது.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கழுதை எப்பிடி மச்சாள் நேரா வெட்டும்?"

பிறகு அவரே தொடர்ந்தார். "அண்டைக்கு நான் நன்மை எடுத்தனான். வீட்டை போய் யோசிச்சன், பாவத்தோட எடுத்தது பிழை. அதுக்குப் பிறகு எடுக்கேல்லை."

"ஃபாதரிட்டப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கலாமே?"

"அதுக்கு மனஸ்தாபம் வேணுமெல்லே, செய்ததை நினைச்சு மனவருத்தம். எனக்கு இன்னும் வரேல்லை. வராமல் போய்ச் சொன்னால், அது ஃபாதருக்குப் பொய் சொல்லுறது."

நான் தாழ்மை என்று எழுதி, குருவானவரைப் பீடத்திலிருந்து இறக்கி, ஊரை அழவைத்த கடைசி வாங்கு இதுதான். அங்கே ஒரு மனிதன் ஒவ்வொரு ஞாயிறும் தன் கோபத்தை எடுத்துப் பார்த்து, அது இன்னும் ஆறவில்லை என்று நேர்மையாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். நான் எழுதிய மொக்கனுக்கு அந்த அளவு மூளையும் இல்லை, முதுகெலும்பும் இல்லை. அவனுக்கு அவற்றைக் கொடுக்க என் கற்பனைக்கு வரவில்லை.

"நாடகத்தில அதைப் போடுங்கோ," என்றார் அத்தான்.

"போட்டால் நீங்கள்தான் வெட்டினதெண்டு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும்."

"தெரியட்டும். நான் பேசாமல் இருந்தனான் எண்டு சொல்லுகினம். நான் பேசாமல் இருக்கேல்லை."

அன்று பின்னேரமே போய்ப் பங்குத்தந்தையிடமும் இளைஞர்களிடமும் முடிவை மாற்றவேண்டும் என்றேன். யார் வெட்டியது என்று சொல்லவில்லை. கதாநாயகன் கோபத்தில் வலையை வெட்டுகிறான் என்று மட்டும் சொன்னேன். பங்குத்தந்தை மெல்லியதாகச் சிரித்தார். "டீச்சர், திருவிழாவில வெட்டுக் கொத்து வேண்டாமே. சனம் அழுதுபோட்டுச் சந்தோசமா வீட்டை போகட்டும்," என்றார். வங்கி இளைஞர் இன்னும் தெளிவாகச் சொன்னார். "இந்த ஆளுக்கு அந்தளவுக்கு மூளை வேலை செய்யாது டீச்சர். கேரக்டருக்கு ஒத்துவராது." நான் ஐந்து நிமிடம் வாதாடியிருப்பேன். அதற்குள் தோற்றுவிட்டேன். தோற்றதில் ஒரு நிம்மதியும் இருந்தது, அதை மறைக்க விருப்பமில்லை. அத்தானிடம் போய் முடிவு மாறவில்லை என்று சொல்லவும் இல்லை.

திருவிழா அன்று மாலை நாடகம் நடந்தது. இரண்டு படகுக்காரர் கண் துடைக்க மடித்த கைலேஞ்சியோடு முன்வரிசைக் கதிரையில் இருந்தார். எஞ்சினைத் துடைத்து அழுகிற கட்டத்திலேயே அவர் அழத் தொடங்கிவிட்டார். குருவானவர் கடைசி வாங்குக்கு நடந்து வந்த கட்டத்தில் தோள் குலுங்க அழுதார். தான் செய்ததைத்தான் மேடையில் காட்டுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. மேடையில் ஏமாற்றியவனுக்கு நாங்கள் பெரிய மீசை வைத்திருந்தோம், கையில் சாராயப் போத்தல் கொடுத்திருந்தோம். அவருக்கு மீசையும் இல்லை, குடியும் இல்லை. அவர் கதாநாயகனின் பக்கம் நின்று அழுதார். இந்தக் கதைகளில் இருக்கிற வசதியே அதுதான். மொக்கனுக்காக அழுகிற எவனும் தன்னை வில்லன் என்று நினைப்பதில்லை.

நாடகம் முடிந்து சனம் கலைகிற நேரம், அவர் அத்தானைத் தேடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சுற்றி இருபது பேராவது நின்றிருப்பார்கள். நானும் அக்காவும் பக்கத்தில் நின்றோம்.

"டேய், உன்னைத்தான்ரா நினைச்சு அழுதனான்," என்றார். "உன்ர மனசு ஆருக்கடா வரும்?"

அத்தான் கையை இழுத்தெடுத்தார். "உங்கட வலையை வெட்டினது நான்," என்றார்.

சிரிப்பு வெடித்தது. எல்லோரையும்விட இரண்டு படகுக்காரர்தான் பெரிதாகச் சிரித்தார். அத்தானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "பாத்தியளே! கழுதை செய்த பழியையும் தன்ர தலையில போடுறான்!" என்றார். நாடகத்தில் அழுத கண் காயாத ஒரு பெண், "பாவம், தங்கமான மனுசன்," என்றாள்.

"நான்தான் வெட்டினனான். எட்டு இடத்தில," என்றார் அத்தான், இன்னும் சத்தமாக. சிரிப்பும் கூடியது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அங்கே நின்றவர்களில் அது உண்மையென்று தெரிந்தவள் நான் ஒருத்தி மட்டும்தான். நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள், டீச்சர் சொன்னால் நம்புவார்கள். நான் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கிறார்கள் என்பதற்காகச் சிரித்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்து போனார்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட இடைவேளைக்கு முன்னால் அக்கா தொலைபேசி எடுத்தாள். அழுகிறாளா, ஏசுகிறாளா என்று விளங்கவில்லை. நடந்ததை அவள் சொன்னபடி சொல்கிறேன்.

அத்தான் வலையை வெட்டிய அன்று, அதிலிருந்த மிதப்புக்கட்டைகளில் நாலைந்தை அறுத்து எடுத்து வைத்திருந்திருக்கிறார். இரண்டு படகுக்காரர் தன் மிதப்புகளில் பச்சை மையால் ஒரு சிலுவை கீறியிருப்பார். அன்று விடியவே அத்தான் அந்த மிதப்புகளை ஒரு சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். அங்கே இரண்டு படகுக்காரர் தன் ஆட்களோடு வலை பின்னிக்கொண்டிருந்தார். அத்தான் சாக்கைக் கவிழ்த்து மிதப்புகளை மணலில் வரிசையாக வைத்தார். பிறகு எட்டு வெட்டையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலாவது மேல்கயிற்றுக்குப் பக்கத்தில், இரண்டாவது மூலையில் இருந்து மூன்று பாக நீளம் தள்ளி என்று, செபம் சொல்கிறமாதிரிச் சொன்னாராம். குறுக்கே எவரும் கதைக்கவில்லை. அதனால் முழுவதையும் சொல்லி முடிக்க முடிந்திருக்கிறது.

இரண்டு படகுக்காரரின் முகம் கறுத்தது. "ஏன்டா?" என்று கேட்டார்.

"எஞ்சின்," என்றார் அத்தான்.

இரண்டு படகுக்காரர் அடிக்கக் கையை ஓங்க, வேலையாட்கள் இடையில் விழுந்து பிடித்தார்கள். பொலிசுக்குப் போறன், உன்னை உள்ளுக்கு வைக்கிறன் என்று கத்தினார். போகவில்லை. போனால் எஞ்சின் கதையையும் சொல்லவேண்டிவரும்.

"நீ எழுதாட்டி இது ஒண்டும் வந்திராது," என்றாள் அக்கா. "எல்லாம் ஆறிக் கிடந்தது. நீதான் கிளறினனீ."

ஆறிக் கிடக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் கிளறியது நான்தான்.

ஊர் ஒரே நாளில் மாறியது. தங்கமான மனுசன் என்ற சொல்லை இரவோடிரவாகத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். "கள்ளன். இவ்வளவு நாளும் நடிச்சிருக்கிறான்," என்றார்கள். "ஒண்டும் தெரியாத மாதிரி முகத்தை வச்சுக்கொண்டு..." என்றார்கள். நாடகத்தைப் பார்த்து அழுத அதே பெண், தன் பிள்ளைகளை அவருடைய படகுக்குப் பக்கத்தில் விளையாட வேண்டாம் என்று கூப்பிட்டெடுத்தாளாம். எஞ்சினைக் கெடுத்தவரைப் பற்றி எவரும் அந்த அளவுக்குச் சூடாகக் கதைத்ததில்லை. கெட்டிக்காரன் வேறொருவனை ஏமாற்றினால் அது உலக வழக்கம். மொக்கன் திருப்பி அடித்தால் அது வஞ்சகம். ஊர் அவரை மன்னிக்காதது வலையை வெட்டியதற்காக இல்லை. அவர்கள் இரங்குவதற்கு வைத்திருந்த ஒரு ஆளை அவர் இல்லாமல் செய்துவிட்டார், அதற்காக.

நான் இரண்டு கிழமை கழித்துத்தான் அவரைப் பார்க்கப் போனேன். முந்திப் போகப் பயமாக இருந்தது. அவர் முற்றத்தில் இருந்து தூண்டில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் கண்டும் நிமிரவில்லை.

"அண்டைக்கு நீங்களும் சிரிச்சனீங்கள்," என்றார்.

"ஓம் அத்தான். பிழை செய்திட்டன்."

அவர் கயிற்றை முழுக்கச் சுற்றி முடித்தார். "எனக்கு உங்களோட கோவம்," என்றார்.

"ஓம். இருக்கத்தான் வேணும்."

"அவர் என்னோட கதைக்கிறேல்லை," என்றார் பிறகு, இரண்டு படகுக்காரரைச் சுட்டி. "என்னைக் கண்டால் மற்றப் பக்கம் பாக்கிறார்." அதைச் சொன்னபோது அவருடைய முகத்தில் கவலை இருக்கவில்லை. ஒரு பெருமை இருந்தது. அந்தக் கரையில் எல்லா ஆம்பிளைகளுக்கும் பகையாளி என்று ஒருவர் இருக்கிறார். அவருக்கு மட்டும்தான் இதுவரை இருந்ததில்லை.

கதையைத் திரும்பவும் எழுதினேன். இந்தமுறை நடந்ததை நடந்தபடி எழுதினேன், அவரிடம் கேட்டுவிட்டுத்தான். அதே சஞ்சிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் தொலைபேசியில் மரியாதையாகக் கதைத்தார். முதல் கதை மனதைத் தொட்டது என்றார். இதில் வருகிறவனோடு வாசகருக்கு ஒட்டுதல் வராது என்றார். அவன் வஞ்சம் வைக்கிறான், ஒரு வருத்தமும் படுகிறானில்லை, கடைசியிலாவது மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு பந்தி எழுதிச் சேர்த்தால் போடலாம் என்றார். நான் சேர்க்கவில்லை. அதற்காக என்னைப் பெரிய ஆளாக நினைக்கவேண்டாம். சேர்ப்பதா என்று மூன்று நாள் யோசித்தேன்.

இப்போது அத்தான் பழைய எஞ்சின் ஒன்று வாங்கித் தன் படகிலேயே தொழிலுக்குப் போகிறார். இரண்டு படகுக்காரர் தன் படகுகளைக் கொஞ்சம் வடக்கே தள்ளிக் கட்டிக்கொண்டார். இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்த வெறும் மணலில் வேறு குடும்பம் ஒன்று கருவாடு காயவைக்கிறது. கடந்த மாதம் நான் போனபோது அத்தான் அவர்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். காற்றுக்குக் கருவாட்டுச் செதிள் தன் படகுக்குள் வருகிறதாம். சண்டை பிடிக்க அவருக்கு இன்னும் சரியாக வரவில்லை. கருவாடு காயவைத்த பெண் நாலு கேள்வி கேட்க, அவர் முதலாவது கேள்விக்குப் பதில் யோசித்துக்கொண்டு நின்றார். அவள் களைத்துப்போய் நிறுத்தினாள். அவர் அப்போதும் யோசித்துக்கொண்டு நின்றார். பிறகு பதில் சொன்னார், உரத்து, நல்ல கோபத்தோடு.